மதியம் என்ன சாப்பிட்டீங்க?

என் மச்சினன் செத்துப்போன ஆறாம் நாள் நான் ஒரு பெரிய தீர்மானம் எடுத்தேன். இனிமேல் என் மனைவியிடம் முழுப் பொய்தான் சொல்வது. இருபத்து மூன்று வருஷமாக அரைப் பொய்யாகவே சொல்லி, மீதி அரையில் மாட்டிக்கொண்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அரைப் பொய்யில் ஒட்டிக்கொண்டிருக்கிற உண்மைதான் ஆளைக் காட்டிக் கொடுக்கும். இந்தத் தடவை மாட்டக்கூடாது. எனக்கு விழுகிற திட்டு ஒரு விஷயமே இல்லை, அது பழகிப்போனது. நான் மாட்டினால் அவளிடம் மிஞ்சியிருந்த ஒரே ஆறுதலும் போய்விடும். அதனால்தான் இவ்வளவு ஏற்பாடு.

பொய் என்னவென்றால், நான் சாப்பிடுகிறேன் என்பது.

சாப்பிட உட்கார்ந்தால் முதல் கவளம் வாய் வரைக்கும் வரும். வாய்க்குள்ளேயும் போகும். அதற்கு மேல் தொண்டை கதவைச் சாத்திக்கொள்ளும். பசி இல்லாமல் இல்லை, வயிறு அது பாட்டுக்குக் கத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் என் தட்டைப் பார்த்தால் வேறொரு தட்டு ஞாபகத்துக்கு வரும். அந்தத் தட்டைப் பற்றிச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். முதலில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் என் திறமை உங்களுக்கு விளங்காது.

ஜாமும் சாஸும் தயாரிக்கிற கம்பெனியில் நான் ருசி பார்க்கிறவன். வெள்ளை ஓடு பதித்த அறை, ஜன்னல் கிடையாது. அங்கே வேலை பார்க்கிறவன் சென்ட் போடக்கூடாது, வெங்காயம் தின்றுவிட்டு வரக்கூடாது, வாசனை சோப்பு தேய்த்துக் குளிக்கக்கூடாது. காலை ஒன்பதரைக்கு வரிசையாகக் கிண்ணங்கள் வரும். ஒரு கரண்டி எடுத்து நாக்கில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருட்டி, பக்கத்தில் இருக்கிற எவர்சில்வர் தொட்டியில் துப்பிவிட வேண்டும். பிறகு தாளில் எழுத வேண்டும். புளிப்பு எப்போது வந்தது, இனிப்பு எங்கே போய் உட்கார்ந்தது, கடைசியில் நாக்கில் எது மிஞ்சியது, எல்லாம். ஒரு நாளைக்கு நாற்பது கரண்டி. ஒன்றைக்கூட முழுங்கக்கூடாது. எனக்கு முன்னால் இருந்தவர் ஆசைப்பட்டு முழுங்க ஆரம்பித்து, பதினோராவது கிண்ணத்துக்கு மேல் எல்லாமே மட்டம் என்று எழுதிவிட்டாராம். அவரை பாட்டிலுக்கு மூடி போடுகிற பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

இரண்டு கிண்ணங்களுக்கு நடுவே வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளித்து, ஒரு துண்டு காய்ந்த ரொட்டியை மெல்ல வேண்டும். முந்தின ருசியின் ஞாபகம் இருந்தால் அடுத்ததற்கு நியாயமான மார்க் போட முடியாது. இதை நான் வருஷக்கணக்காகச் செய்கிறேன். எங்கள் விற்பனை மேலாளருக்கு இதில் ஒரு தனிக் கட்சி உண்டு. எதையாவது பார்த்துக்கொண்டே தின்கிறவனுக்குத் தின்றதே ஞாபகம் இருக்காதாம், இரண்டு மணி நேரத்தில் கை மறுபடி பாக்கெட்டைத் தேடுமாம். தின்றதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறவனோ அடுத்த வேளை தன்னால் குறைத்துக்கொள்வானாம். "ருசி உன் வேலை, மறதி என் வேலை" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அப்போதெல்லாம் சிரிப்பு வந்ததில்லை. மச்சினன் போன பிறகுதான் அந்த மனுஷன் பேச்சில் ஒரு வழி இருக்கிறது என்று தோன்றியது.

சரி, அந்தத் தட்டுக்கு வருகிறேன்.

என் மனைவிக்கும் அவள் தம்பிக்கும் பன்னிரண்டு வயசு வித்தியாசம். அம்மா இல்லாத பிள்ளை, இவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். எங்கள் கல்யாணத்தின்போது அவனுக்கு ஒன்பது வயசு. நான் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தால் இலவச இணைப்பாக இவனும் வந்துவிட்டான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவன் இருந்ததால் அது பெரிதாகத் தெரியவும் இல்லை. வளர்ந்து கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன் ஆனான். நாளெல்லாம் ஏணிமேல் நிற்கிறவனுக்கு நல்ல பசி. அவன் சாப்பிட உட்கார்ந்தால் சமையலறையில் பாத்திரங்கள் நடுங்கும் என்பேன். உன் தம்பிக்குத் தட்டு வேண்டாம், தாம்பாளம் கொண்டு வா என்பேன். இதற்கெல்லாம் அவன் வாய் நிறையச் சோற்றோடு சிரிப்பான். என் ஜோக்குகளுக்குச் சிரிக்கிற ஒரே ஆள் இந்த உலகத்தில் அவன்தான். நானும் அவன் சாப்பிடுவதை வைத்தே பாதி ஜோக்குகளைத் தயார் செய்தேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஒரு மருந்துக் கடைக்கு அவசரமாகப் பலகை எழுத வேண்டும் என்று மதியம் நேரத்தோடு சாப்பிட உட்கார்ந்தான். வறுத்த மீன். மூன்று துண்டு ஆயிற்று. நாலாவதை எடுத்துத் தன் தட்டில் வைத்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் எப்போது சும்மா இருந்தது?

"மாப்ளே, ஒண்ணையாவது விட்டு வைடா. மீன் இனமே அழிஞ்சு போயிடப் போகுது."

வழக்கமாக "அழியட்டும் மாமா" என்று சொல்லிவிட்டு இன்னொன்றையும் எடுப்பான். அன்றைக்கு அப்படிச் செய்யவில்லை. லேசாகச் சிரித்தான். வாய்க்குக் கொண்டுபோன துண்டைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். பிசைந்த சோறு பாதி அப்படியே கிடந்தது. வேலை இருக்கு மாமா என்று கை கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டான். ஏன் அப்படிப் போனான் என்று இனிமேல் யாரைக் கேட்பது? நாலு மணிக்கு ஏணியிலிருந்து விழுந்தான் என்று செய்தி வந்தது. இதயம் முதலில் நின்றுவிட்டது, அதற்குப் பிறகுதான் விழுந்திருக்கிறான், கட்டிலில் படுத்திருந்தாலும் இது நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் படித்தவர். ஆனால் அவர் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கவில்லை. அரை வயிற்றோடு ஏணி ஏறினவனுக்குத் தலை சுற்றாது என்று எனக்கு யார் எழுதிக் கொடுப்பார்கள்?

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரிடமும் என் மனைவி ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொன்னாள். "வயிறு நிறைய சாப்ட்டுத்தான் போனான். அந்த மட்டுக்கும் குறை இல்ல." பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னாள். அவனுக்குப் பெயிண்ட் கொடுக்கிற கடைக்காரரிடம் சொன்னாள். தொலைபேசியில் யார் கூப்பிட்டாலும் சொன்னாள், அதுவும் நல்ல சத்தமாக. நான் முன்னறையில் நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பேன். அவள் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு கொம்பைத்தான். அதை நான் எப்படி ஒடிப்பேன்?

சாப்பிடவில்லை என்று தெரிந்தால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் நான் சொல்லிவிடுவேன், எனக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. ஆகவே சாப்பிடவில்லை என்பதே தெரியக்கூடாது.

ஏற்பாடு இதுதான். காலையில் ஒரு பெரிய டம்ளர் டீ, அது மட்டும் எப்படியோ இறங்கிவிடும். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவேன், ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் என்று கிளம்பிவிடுவேன். மதியம் டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்து, நாக்கில் உருட்டி, துப்பி, ஒரு தாளில் ரிப்போர்ட் எழுதுவேன். பிறகு டப்பாவை அப்படியே பாய்லர் அறைக்குக் கொண்டுபோய் பாய்லர்காரரிடம் கொடுத்துவிடுவேன். அவர் ஆகிருதியான மனுஷன், அதிகம் பேசமாட்டார். எனக்கு வயிற்றில் புண், வீட்டில் சொன்னால் பயப்படுவாள் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, தன் டப்பாவை முடித்த கையோடு என் டப்பாவையும் முடித்துவிட்டு, ஈரத் துணியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

சாயங்காலம் பஸ்ஸில் ரிப்போர்ட்டை மனப்பாடம் செய்வேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்பாள், மதியம் என்ன சாப்பிட்டீங்க என்று. உடனே அருவி மாதிரி கொட்டுவேன். கீரையில் பூண்டு முதலில் தெரியாமல் அப்புறம் மெதுவாக வந்து எட்டிப் பார்த்தது என்பேன். முட்டையில் மிளகு சரியான நேரத்தில் கிளம்பி சரியான நேரத்தில் அடங்கியது என்பேன். சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல், அதே சமயம் சண்டையும் போட்டுக்கொள்ளாமல் இருந்தது என்பேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு கேட்பாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு, மதியம் சாப்பிட்டதே இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, பசியில்லை என்று இரண்டு வாய் கொறித்த மாதிரி காட்டிவிட்டு எழுந்துவிடுவேன். அவளும் சரி என்று விட்டுவிடுவாள்.

நம்பமாட்டீர்கள், மேலாளர் சொன்னது கொஞ்சம் நிஜம்தான். சாப்பிடாத சாப்பாட்டை அவ்வளவு விவரமாகச் சொல்லி முடித்ததும் வயிறு ஒரு அரைமணி நேரம் வாயை மூடிக்கொள்ளும். அதுவும் என் பொய்யை நம்பியது. பெல்ட்டில் ஆணியை வைத்து மூன்று புது ஓட்டை போட்டேன். நடை தளர்ந்தது, மாடிப்படியில் நடுவே நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஆனாலும் மனசுக்குள் ஒரு பெருமை. கல்யாணமாகி முதல் தடவையாக இவளை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், அதுவும் தொடர்ந்து முப்பத்திரண்டு நாள். டப்பா வேறு வாரத்துக்கு வாரம் கனமாகிக்கொண்டே போனது. என் வர்ணனையில் மயங்கிப்போய்த்தான் அள்ளி அள்ளி வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்து மூன்றாம் நாள் சாயங்காலம். நான் சட்டையைக்கூடக் கழற்றாமல் உருளைக்கிழங்கு வறுவலைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். மேலே மொறுமொறுவென்று, உள்ளே வெண்ணெய் மாதிரி, உப்பு கடைசியில் வந்து பவ்யமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது என்கிற இடத்துக்கு வந்திருந்தேன். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால், இடுப்பில் ஒரு பாத்திரத்தோடு ஒரு அம்மாள் நின்றாள். மூடியைத் துணியால் கட்டியிருந்தாள். முகத்தைப் பார்த்தால் சண்டைக்கு வந்தவள் என்று தெரிந்தது.

"இந்த வீட்லேர்ந்துதானே பாய்லர் ரூமுக்கு தினமும் சாப்பாடு போகுது? நான் பாய்லர்காரர் சம்சாரம்."

வேறு யாருடைய வீட்டையோ தேடி வந்திருப்பீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி பின்னாலிருந்து, ஆமாம் உள்ளே வாங்க, உட்காருங்க என்று நிதானமாகக் கூப்பிட்டுவிட்டாள்.

அந்த அம்மாள் உட்காரவில்லை. பாத்திரத்தை மேஜைமேல் வைத்துவிட்டு ஆரம்பித்தாள். ஒரு மாசமாக அவர் வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். தட்டு வைத்தால், மதியம் சாப்பிட்டதே இன்னும் நாக்கில் இருக்கிறது என்கிறாராம். அதோடு விட்டாலாவது பரவாயில்லை, என்ன சாப்பிட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறாராம். இருபது வருஷமாக வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத மனுஷன் ஒரு கீரையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுகிறாராம்.

"அவர் சொல்லச் சொல்ல எனக்கே பசி எடுத்துடுது. எடுத்து என்ன பண்ண, நான் செஞ்சதைத்தானே நான் சாப்பிடணும்? நேத்து வச்சதைத் தொடவே இல்ல. இன்னிக்குச் செஞ்சதுக்கும் இதே கதிதான்னு இங்கயே தூக்கிட்டு வந்துட்டேன். உருளைக்கிழங்கு வறுவலாமே. அடியில கொஞ்சம் கருகியிருந்துச்சாம், அந்தக் கருகலும் நல்லாத்தான் இருந்துச்சுன்னு ஷிஃப்ட் நடுவுல போன் பண்ணிச் சொல்றாரு."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடி கருகினதை நீங்க சொல்லவே இல்லையே?"

நான் மேலாகத்தான் ஒரு சிட்டிகை எடுத்திருந்தேன். சுவரைப் பார்த்தேன். சுவரிலும் வசதியாக ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அந்த அம்மாள் அப்போதுதான் அலமாரிமேல் இருந்த அவன் படத்தைப் பார்த்தாள். யார் என்று கேட்டாள். தம்பி, போய் ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது என்று என் மனைவி சொன்னாள். உடனே அவள் குரல் அடங்கிவிட்டது. எனக்குத் தெரியாது அக்கா, அந்த மனுஷன் கீரையைப் பற்றிச் சொன்னாரே தவிர இதைச் சொல்லவில்லை என்றாள். என் மனைவியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். போகும்போது, பாத்திரம் இங்கேயே இருக்கட்டும், அதில் இருக்கிறது இன்றைக்குச் செய்தது, சுடவைத்துச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு என் மனைவி எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. டப்பா மூடியில் தினமும் கரி படிந்த கட்டை விரல் அடையாளம் இருந்தது என்று ஆரம்பித்தாள். வெள்ளை அறையில் வேலை பார்க்கிற உங்களுக்குக் கரி எங்கிருந்து வரும், பாய்லர்காரர் பெரிய ஆள் என்று நீங்களே ஒரு தடவை சொல்லியிருக்கிறீர்கள், அதனால்தான் அளவைக் கூட்டிக் கூட்டி வைத்தேன் என்றாள். மனுஷன் பாதி வயிற்றோடு நெருப்பு முன்னால் நிற்கக்கூடாது இல்லையா என்றாள்.

"அப்ப நான் சாப்பிடலைன்னு தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

"யார் சும்மா இருந்தது? டீயில என்ன போட்டேன்னு தெரியுமா? வறுத்த கடலை மாவு, பால் பவுடர், ஒரு கரண்டி வெண்ணெய். ஒரு மாசமா அதைத்தான் குடிக்கிறீங்க."

நான் நாற்பது கரண்டிக்கு மார்க் போடுகிறவன். போன வாரம்கூட, டீத்தூள் மாற்றினாயா, நல்ல கெட்டியாக இருக்கிறதே என்று அவளைப் பாராட்டியிருந்தேன். என் உத்தியோகத்தை நினைத்து அப்போது வெட்கப்பட்ட மாதிரி எப்போதும் பட்டதில்லை.

"சரி, அதெல்லாம் விடுங்க. ஏன் சாப்பிடலன்னு இப்ப சொல்லுங்க."

வயிற்றில் புண் என்று ஆரம்பித்தேன். புண்ணிலிருந்து வாய்வுக்குப் போனேன், வாய்விலிருந்து வெயிலுக்குப் போனேன். அதற்கு மேல் போக இடமில்லை. சொல்லிவிட்டேன். மீன், நாலாவது துண்டு, இனம் அழிந்துவிடும் என்று நான் சொன்ன ஜோக், அவன் சிரித்த சிரிப்பு, தட்டில் கிடந்த சோறு, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

"நீ எல்லார்கிட்டயும் வயிறு நிறைஞ்சு போனான்னு சொல்லிட்டிருக்கே. நிறையல. நான் நிறைய விடல. சாகப் போற பிள்ளையைப் பாதிச் சாப்பாட்டுல எழுப்பி விட்டவன் நான்."

அவ்வளவுதான், அவளுடைய கொம்பை ஒடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை மேஜைமேல் அசையாமல் இருந்தது.

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"தட்டைக் கழுவினது யாரு, நீங்களா?"

அப்படியானால் வந்தவர் போனவரிடமெல்லாம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"உங்களுக்குக் கேக்கட்டும்னுதான். நீங்க முன்னறையில உக்காந்திருந்தீங்க. வேற யாருக்காக நான் அவ்வளவு சத்தமா சொல்லணும்?"

நான் அவளைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே மேஜையில், ஒரு மாசத்துக்கு மேலாக எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. அழுகை வந்தது. அழுதேன். மறைக்க முயற்சி செய்யவில்லை.

அவள் என்னைச் சமாதானப்படுத்த வரவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் கழித்து, முதல் ஒரு வாரம் உங்கள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றாள். கொதிக்கிற சோற்றை உங்கள் தலையில் கவிழ்த்துவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன் என்றாள். கவிழ்த்திருக்கலாமே என்றேன்.

"எப்படிக் கவுக்கறது? நீங்க அதைச் சொன்னப்போ நான் சமையல்கட்டுல சிரிச்சேன். சத்தமா சிரிச்சேன். அது காதுல விழுந்து அவன் திரும்பிப் பாத்தான். நான் சிரிச்சுக்கிட்டே இருந்தேன்."

இதைச் சொல்லும்போதும் அவள் குரல் உயரவில்லை. ஆனால் மேஜைமேல் இருந்த கையை எடுத்து மடியில் ஒளித்துக்கொண்டாள். நான் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் என் ஜோக்குக்குச் சிரித்திருக்கிறாள், அதுவும் அன்றைக்குத்தானா என்று நினைத்தேன். அதைச் சொல்லவில்லை. என் வாய் சும்மா இருந்தது.

வெகுநேரம் கழித்து அவள் எழுந்து பாய்லர்காரர் வீட்டுப் பாத்திரத்தைச் சுடவைத்தாள். இரண்டு தட்டில் போட்டுக் கொண்டுவந்தாள். நான் கேட்டேன், இவ்வளவு நாள் நீ சாப்பிட்டாயா என்று. அழுதுகொண்டேதான், ஆனால் சாப்பிட்டேன், வீட்டில் ஒருத்தராவது நிற்கத் தெம்போடு இருக்க வேண்டாமா என்றாள். அந்த அம்மாளின் சமையலில் உப்பே இல்லை. பாய்லர்காரர் ஏன் வீட்டில் வர்ணனையோடு நிறுத்திக்கொண்டார் என்று புரிந்தது. முதல் கவளம் வாய்க்குள் போய் அங்கேயே நின்றது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முழுங்குங்க, இது உங்க ஆபீஸ் இல்லை என்றாள். முழுங்கினேன். வலித்தது, ஆனால் இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. தட்டில் பாதிக்கு மேல் முடியவில்லை, அவளும் வற்புறுத்தவில்லை.

மறுநாள் இரண்டு டப்பா கொடுத்தனுப்பினாள். பெரியது பாய்லர்காரருக்கு. வீட்டில் சண்டை வராமல் இருக்க அவருக்கு அளவோடுதான் வைத்திருக்கிறேன், உப்பையும் கொஞ்சம் குறைத்திருக்கிறேன் என்றாள். மதியம் பாய்லர் அறையில் அவர் பக்கத்திலேயே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு அழுத்தமானியில் முள் ஒரு மாதிரியாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் காட்டிக் காட்டி, வால்வு எப்போது மாற்றினது, மேலிடத்தில் எத்தனை தடவை எழுதிக் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டே போனார். பேசாத மனுஷன் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான் போல. நானும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் குனிந்து பார்த்தால் என் டப்பா காலியாக இருந்தது. துடைத்து மூடிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், மதியம் என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. முட்டையா? முட்டை நேற்றா, முந்தாநாளா? ஏதோ பச்சையாக இருந்த மாதிரி ஒரு ஞாபகம். அதுவும் டப்பாவின் மூடியா, கீரையா என்று நிச்சயமில்லை. அவன் கடைசியாகத் தட்டில் விட்டுப்போன சோற்றை நான் இப்போதும் கவளம் கவளமாக எண்ணிச் சொல்வேன். மீன் துண்டு எந்தப் பக்கம் திரும்பிக் கிடந்தது என்றுகூடச் சொல்வேன். இன்று மதியம் என் கையால் எடுத்து என் வாயில் போட்டது மட்டும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. முப்பத்து மூன்று நாள் பொய் சொன்னவன், சாப்பிட்ட ஒரே நாளில் இப்படி மாட்டிக்கொள்கிறேனே என்று நினைக்க அழுகையாக வந்தது. நம்பமாட்டாள். எப்படி நம்புவாள்?

"சத்தியமா சாப்ட்டேன். என்னன்னுதான்... ஏதோ சாப்ட்டேன்" என்றேன்.

அவள் மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்தொன்பது நாளில் அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்க்கவில்லை.

"இருபத்து மூணு வருஷமா இந்தக் கேள்விக்கு உங்க பதில் இதுதான். அன்னிக்குக் கீரையில பூண்டு எட்டிப் பாத்துச்சுன்னு சொன்னீங்களே, அந்த நிமிஷமே தெரிஞ்சுக்கிட்டேன், நீங்க சாப்பிடலன்னு."